மிதவை வந்த வழி

உக்காருங்க தம்பி. அந்த மஞ்ச மிதவையைப் பத்திக் கேக்கத்தான் வந்திருக்கீங்கன்னு நீங்க பைக்கை நிறுத்துறப்பவே தெரிஞ்சு போச்சு. எங்க தெருவுக்கு இப்ப வேற எதுக்கு ஷூ போட்ட ஆளு வரப்போறாங்க? வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோரைக் குடிங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். நான் பேசிக்கிட்டிருக்கையில நடுவுல நிறுத்தி, "அது உறுதியா தெரியுமாக்கா, நீங்களே பாத்தீங்களாக்கா"ன்னு கேக்கப்படாது. அந்தப் புள்ள அப்படித்தான் கேக்கும். அந்தப் புள்ளன்னா குழலி. கார்குழலி. உங்களுக்கு முன்னாடி வந்து எங்க கடலை அளந்துட்டுப் போனாளே, அவதான்.

நல்ல புள்ளதான், நான் இல்லேன்னு சொல்லல. என் கையால சோறு தின்ன புள்ள. ஆனா "தெரியாது"ங்கிற ஒரு சொல்லை மட்டும் ஆண்டவர் அவ வாயில வைக்காம இருந்திருந்தா, எங்க தெருப் பொம்பளைங்க இன்னிக்கு இறால் கம்பெனி பஸ்ஸுக்குக் காலங்காத்தால ஓட வேண்டியதில்லை.

மொதல்ல வந்தது கம்பெனி. தினகர் சார்னு ஒருத்தரு, வெள்ளைச் சட்டை, சிரிச்ச முகம். கோயில் வாசல்ல எங்க எல்லாரையும் உக்கார வச்சாரு. "உலகம் பூரா வண்டி ஓட்டி, கரியை எரிச்சு, காத்தைக் கெடுத்து வச்சிருக்காங்கம்மா. நீங்க வளக்குற பாசி அந்தக் கரியைக் குடிச்சுத்தான் வளருது. அந்தப் பாசியை மூட்டை கட்டி ஆழக்கடல்ல அமுக்கிட்டா கரியும் அதோட போயிரும். போனா போனதுதான். ஆயிரம் வருசத்துக்கு மேல வராது"ன்னாரு. எங்களுக்குப் பாசி என்ன புதுசா? மூங்கில் தெப்பம் கட்டி வளத்துக் காயவச்சு வித்துக்கிட்டுத்தானே இருந்தோம். வாங்குறவன் ஐஸ்கிரீம்ல போடுறானா, கடலுக்கு அடியில புதைக்கிறானான்னு நமக்கென்ன? சரின்னோம்.

புதைச்ச கணக்கை, தாங்க எரிச்ச கரிக்கு ஈடா வெளிநாட்டுக் கம்பெனிங்க காசு குடுத்து வாங்குமாம். ஆனா தினகர் சார் சொன்னா மட்டும் நம்ப மாட்டாங்களாம். ரெண்டு பக்கமும் சேராத மூணாவது ஆளு ஒருத்தர் கூடவே இருந்து பாத்து, ஆமா இது நெசந்தான்னு எழுதிக் குடுக்கணுமாம். அந்த மூணாவது ஆளுதான் குழலி. ஈரோட்டுப் பக்கத்துக்காரி. கடலைப் பத்தி அம்புட்டுப் படிச்சவ, படகுல ஏறுனா வாந்தி எடுப்பா. அவளைப் பிடிச்சுக்க ஒரு பொம்பளை வேணும்னு கேட்டாங்க. எங்க தெருவுல படகுல ஏறுற பொம்பளை நான் ஒருத்திதான். எங்க வீட்டுக்காரர் இறந்த... சேச்சே, என்ன பேச்சு பேசுறேன், காணாமப் போன நாள்ல இருந்து நான் ஏறுறேன்.

கஸ்பார்னு பேரு. உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. கச்சான் காத்து, அதான் மேக்க இருந்து அடிக்கிற காத்து, அது வீசுற காலம். அண்ணனும் தம்பியுமா வள்ளத்துல போனாங்க. வலை ப்ரொப்பல்லர்ல சுத்திக்கிருச்சு. இவரு கத்தியை வாயில கவ்விக்கிட்டு இடுப்புல கயிறு கட்டி இறங்கியிருக்காரு. தம்பி வியாகுலம் மேல நின்னு கயித்தைப் பிடிச்சிருக்கான். கயிறு வந்துச்சு. ஆளு வரல.

அவ்வளவுதான் தம்பி, வேற ஒண்ணும் தெரியாது. பொணத்தை யாரும் பாக்கல. பொணத்தைப் பாக்காம எப்படிச் செத்தாருன்னு சொல்லுவீங்க? எங்க ஊர்ல ஆளு கிடைக்கலேன்னா வெறும் பெட்டியில அவரு துணியை வச்சு, பூசை வச்சு, கல்லறையில புதைச்சிருவாங்க. பங்குச் சாமியார் வந்து அதையே சொன்னாரு. வியாகுலம் வந்து அழுதான். "மதினி, அண்ணனை அடக்கம் பண்ணிருவோம் மதினி, அவருக்கும் ஒரு எடம் வேணும்ல"ன்னான். நான் முடியாதுன்னுட்டேன். இந்தக் கழுத்தைப் பாருங்க. தாலி இருக்கா? இருக்கும். அவரு உசுரோட வந்து வாசல்ல நிக்கையில, "என்னைப் புதைச்சிட்டியாடி பிலோமினா"ன்னு கேட்டா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிப்பேன்?

நிக்கத்தான் செய்யுறாரு. சிரிக்காதீங்க. சோத்துல கையை வச்சா வாசல்ல ஈரக்கால் சத்தம் கேக்கும். பட்டப்பகல்ல, இந்தா இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நேரத்துல. எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன். தரை காஞ்சு கிடக்கும். மறுபடி வந்து உக்காருவேன், மறுபடி கேக்கும். பயமான்னா பயமில்லை. உள்ள வர மாட்டேங்குறாரேன்னு ஒரு ஆத்திரம்.

சரி, உங்க விசயத்துக்கு வர்றேன். குழலி வந்து மொதல்ல ஒரு மூட்டையையும் அமுக்க விடல. வெறும் கடலையே அளந்துக்கிட்டிருந்தா. மேல் தண்ணி, நடுத் தண்ணி, அடித் தண்ணின்னு பாட்டில் பாட்டிலா பிடிச்சா. தினகர் சார் பல்லைக் கடிக்கிறாரு. "அமுக்குனதுக்கப்புறம் அளந்தா போதாதா?" இவ, "முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியாம, நம்மாலதான் மாறுச்சுன்னு எப்படி சார் சொல்றது?"ங்குறா. அதோட விட்டாளா? தள்ளிப் போய் இன்னொரு இடம் குறிச்சா. அங்க மூட்டையே போடக்கூடாதாம், ஆனா அங்கயும் ஒவ்வொரு தடவையும் தண்ணி எடுக்கணுமாம். "என்ன புள்ள இது, காய்ச்சக்காரனை விட்டுட்டுப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நாடி பாக்குற?"ன்னேன். சிரிச்சா. "ஆமாக்கா, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சுடுதுன்னா அது வெயிலுதான், காய்ச்சல் இல்லேன்னு தெரிஞ்சுக்கலாம்ல"ன்னா. வாயி மட்டும் குறைச்சல் இல்லை.

அப்புறம் மூட்டை இறக்குனோம். தேங்கா நாருல பை தைச்சு, பாசியை அமுக்கி, கல்லைக் கட்டி. கேமரா எட்டுற ஆழத்துல கொஞ்சம் போட்டு, அது என்ன ஆகுதுன்னு பாத்துட்டுத்தான் மத்ததை ஆழத்துக்குக் கொண்டு போவேன்னுட்டா. கயித்துல கேமராவை இறக்கிப் படகுல உக்காந்து பாப்போம். அடியில மூட்டைங்க வரிசையா கிடக்கும். நீட்டுநீட்டமா, நாரு சுத்தி, பாதி மணல்ல முங்கி. நான் வானத்தைப் பாத்துக்குவேன். ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கிட்டுக் கேட்டேன், "ஏம்மா, இந்தக் கேமரா அந்தப் பாறைக்குத் தெக்க இருக்கிற பள்ளத்துக்கு எட்டுமா?" அது அவரு இறங்குன இடம்னு அவளுக்குத் தெரியும், நான்தான் காட்டியிருக்கேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வேணாங்க்கா"ன்னா. எட்டுமா எட்டாதான்னு சொல்லல, பாருங்க.

அப்புறந்தான் மிதவை. மூட்டை பிஞ்சா பாசி எந்தப் பக்கம் போகும், தண்ணி எந்தப் பக்கம் இழுக்கும்னு பாக்க ஒரு கூடை மஞ்ச மிதவை கொண்டாந்தா. மேல ஒரு சின்ன கம்பி நிக்கும். கீழ தண்ணிக்குள்ள பாவாடை மாதிரி ஒரு துணி தொங்கும். காத்துக்குப் போகக்கூடாது, தண்ணி போற வழியிலதான் போகணும், அதுக்குத்தான் பாவாடை. மேல காத்து பிடிக்கிற மாதிரி ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னு ஆயிரம் தரம் சொல்லுவா. அது மணிக்கொரு தரம் வானத்துக்குச் சேதி சொல்லும், நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்னு. அவ போன்ல ஒரு புள்ளியா தெரியும்.

அதைப் பாத்த அன்னிக்கு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் அவ காலைப் பிடிக்காத குறை. "ஒரே ஒண்ணு விடு புள்ள. கச்சான் தொடங்குனதும், பாறைக்குத் தெக்க, அவரு இறங்குன இடத்துல. அது எங்க போகுதுன்னு பாப்போம்." அவ போனைக் கீழ வச்சா. "கச்சான் காலத்துக்கும் எனக்கு ஒண்ணு விட வேண்டியிருக்குக்கா. அந்த இடத்துலயே விடுறேன். ஆனா இது அண்ணனைத் தேடுற மெஷின் இல்லை. இது மேல் தண்ணி போற வழியைக் காட்டும், அவ்வளவுதான். ஒரு மனுசன் எங்க போனாருன்னு இதை வச்சு நான் சொல்ல மாட்டேன்"ன்னா. நான் தலையை ஆட்டுனேன். தலையை ஆட்டுறதுக்குக் காசா பணமா?

விடுற அன்னிக்கு அவ அந்தப் பக்கம் குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டிருந்தா. நான் இந்தப் பக்கம் அவரோட நீலக்கட்டம் போட்ட சட்டையை மிதவையோட கம்பியில மாட்டி பொத்தான் போட்டுட்டேன். இதுல என்ன தப்பு? யாரைத் தேடணும்னு அதுக்குத் தெரிய வேணாமா? மோப்ப நாய்க்குக்கூட துணியைக் காட்டித்தானே விடுறாங்க. ஒரு சட்டை எம்புட்டுக் காத்தைப் பிடிச்சிரும்? அவ நிமிர்ந்து வாயைத் துடைக்கையில மிதவை அலைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. கொஞ்ச தூரம் வரைக்கும் எனக்குத் தெரிஞ்சுது. கையை ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு ஒரு ஆளு இடுப்பு வரைக்கும் தண்ணிக்குள்ள போறாப்பல இருந்துச்சு.

அந்தப் புள்ளியை எப்படிப் பாக்குறதுன்னு என் போன்லயும் வச்சுக் குடுத்தா. அதுல இருந்து நான் வேற வேலை பாக்கல தம்பி. கிழக்க போச்சு. அப்புறம் சுத்துச்சு. ஒரே எடத்துல சுத்திச் சுத்தி நின்னுச்சு. ராமேசுவரத்துப் பக்கம் திரும்பும்னு நினைச்சேன், திரும்பல. இலங்கைப் பக்கம் விலகி விலகிப் போச்சு. நான் அதுகிட்டப் பேச ஆரம்பிச்சிட்டேன். "அந்தப் பக்கம் போகாதீங்க, அங்க பிடிச்சு உள்ள வச்சிருவாங்க"ன்னு. பக்கத்து வீட்டு ரெக்ஸி வந்து எட்டிப் பாத்துட்டு, "யார்கிட்டக்கா பேசுற?"ன்னா. யார்கிட்டன்னு சொல்ல? வாசல்ல சத்தம் நின்னு போச்சு, அதையும் சொல்லணும். அவரு அங்க இருந்தா இங்க எப்படிக் கேக்கும்?

அப்புறம் ஒரு நாள் காலையில புள்ளி திரும்பிருச்சு. சேசுவே, அதை நினைச்சா இப்பவும் உடம்பு புல்லரிக்குது, கையைப் பாருங்க. அதுவரைக்கும் குடிகாரன் நடந்த மாதிரி கோணல்மாணலா போன கோடு, நேரா, நூல் பிடிச்ச மாதிரி, நம்ம கரையைப் பாத்து வருது! நடுவுல எங்கயும் நிக்கல. ஊர்க் கரைக்கே வருது. தாலியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுனேன். செருப்புகூடப் போடல. ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னாடி ஆளில்லாத கரையில மிதவை மணல்ல கிடந்துச்சு. பாவாடையெல்லாம் சுருட்டி ஒழுங்கா வச்ச மாதிரி. சட்டை மட்டும் இல்லை. நான் கரை பூரா கூப்பிட்டுக்கிட்டே போனேன். சட்டையைப் போட்டுக்கிட்டு எங்கயோ நடந்து போயிருக்காருன்னுதான் நினைச்சேன். வேற என்ன நினைக்க?

குழலி வந்தா. போனைப் பாத்தா, மிதவையைப் பாத்தா, என்னைப் பாத்தா. "அக்கா, தண்ணி கிழக்க போகுது. காத்தும் கிழக்க தள்ளுது. இது மேக்க வந்திருக்கு, அதுவும் எஞ்சின் போற வேகத்துல வந்திருக்கு. இது தானா வரல. யாரோ வள்ளத்துல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க"ன்னா. "நீ பாத்தியா?"ன்னு கேட்டேன். "பாக்கல." "பாக்காம எப்படிச் சொல்ற? எனக்கு மட்டும் பாக்காததைச் சொல்ல மாட்டேன்னியே?" அவ முகம் செத்துப் போச்சு. "யாரு தூக்குனாங்கன்னு சொல்ல மாட்டேன்க்கா. தூக்குனாங்கன்னு கோடு சொல்லுது"ன்னா. அன்னிக்கு அவளை நான் பேசாத பேச்சில்லை.

அதுக்கப்புறந்தான் மூட்டை விவகாரம் வெடிச்சுது. கேமராவை இறக்கிப் பாத்தா பாதி மூட்டையில கல்லு கிடக்கு, பாசியைக் காணோம். மீன் தின்னுச்சோ, அழுகுச்சோ, பிஞ்சு மேல வந்துச்சோ. கொஞ்சம் கரையிலயே ஒதுங்குச்சு, நாங்க தைச்ச நாரோட. காலையில கரைக்குப் போனா நம்ம புதைச்சது நம்ம முன்னாடி கிடக்கு தம்பி. ரெக்ஸி சிலுவை போட்டுக்கிட்டா. தினகர் சார் அசரல. "அது மேலாப்புல போட்ட சோதனை மூட்டை. ஆழத்துல போட்டா போனது போனதுதான். ஒரு வரி எழுதுங்க மேடம்"ன்னாரு. இவ மாட்டேன்னுட்டா. "ஆழத்துல நான் பாக்கல சார். இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாததைத் தெரியும்னு எழுதுனா, வெளிநாட்டுக் கம்பெனிங்க அதைக் காட்டி அங்க இன்னும் கொஞ்சம் கரியை எரிப்பாங்க. இங்க கரி போகவும் போயிருக்காது"ன்னா. கம்பெனி மூட்டை கட்டிருச்சு. எங்க உழைப்பெல்லாம் கடல்ல கரைச்ச பெருங்காயம். தெருப் பொம்பளைங்க ஒருத்தியும் அவளுக்கு முகம் குடுக்கல. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். போனேனே தவிர பேசல.

அவ மேல எனக்கிருக்கிற ஆத்திரம் அதுதான். ஒரு வரி. தினகர் சாருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. தானா வந்துச்சுன்னு எனக்கு எழுதிக் குடுத்திருந்தா அவ குடியா முழுகிப் போயிரும்?

வியாகுலமா? அவனை எதுக்கு இழுக்குறீங்க? அவன் பாவம். ஆமா, கடலுக்குப் போறதை விட்டுட்டான். முதுகு வலின்னு சொல்லிக்கிட்டுத் திரியுறான். மிதவை வந்த அன்னில இருந்துதான். அன்னிக்கு வலையில ஒண்ணுமில்லாம வந்தவன், சாப்பாட்டைத் தொடல. கொஞ்ச நாள் கழிச்சு வந்து இந்தா இந்த நிலைப்படியில தலையை முட்டிக்கிட்டு நின்னான். "மதினி, நான்தான் தூக்கிட்டு வந்தேன்"ன்னான்.

தூரத்துல பாத்திருக்கான். நீலக்கட்டம் தண்ணிக்கு மேல போறதைப் பாத்திருக்கான். "அண்ணே, அண்ணே"ன்னு கத்திக்கிட்டே எஞ்சினை முறுக்கியிருக்கான். கிட்டப் போனா கம்பியும் சட்டையும். நம்ம கடல்ல ஒரு வழக்கம் இருக்கு தம்பி. பொணத்தைக் கண்டா அன்னிக்கு மீனு போனாலும் போகுதுன்னு வள்ளத்துல ஏத்திக் கரைக்குக் கொண்டாந்து சேக்கணும். கண்டுட்டு விட்டுட்டு வந்தவனை எந்த வலையும் மதிக்காது. "பொணம் இல்லேன்னு தெரிஞ்சுது மதினி. ஆனா அண்ணன் சட்டை. ஒரு தடவை கயித்தை மட்டும் இழுத்துட்டு வந்தவன், மறுபடியும் விட்டுட்டு எப்படி வருவேன்?"னு கேட்டான். என்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மிதவையைக் கரையில போட்டுட்டுப் போனானாம். சட்டையை மடியில இருந்து எடுத்து நீட்டுனான்.

ஓங்கி ஒண்ணு விட்டேன் கன்னத்துல. பொய் சொல்றடா, வெறும் பெட்டியைப் புதைக்க நான் ஒத்துக்கணும்னு பொய் சொல்றன்னேன். இன்னிக்கும் அதைத்தான் சொல்றேன். நல்ல மனசுக்காரன், என் மனசை ஒரு நிலைக்குக் கொண்டு வரணும்னு பொய் சொல்றான். சட்டையா? சட்டை கரையில ஒதுங்கிக் கிடந்திருக்கும், எடுத்திருப்பான். ஏன், ஒதுங்காதா? மூட்டையே ஒதுங்குச்சே.

சரி தம்பி. இப்ப புதுசா ஒரு கம்பெனி வருதுங்குறீங்க, மிதவைங்க போன பழைய கோடெல்லாம் சரியான்னு நீங்க பாக்கணுங்குறீங்க. வள்ளத்துல தூக்குன மிதவைன்னா அந்தக் கோட்டைக் கணக்குல சேக்காம விலக்கி வைக்கணும், அதுக்கு அதை விட்ட என் வாயால ஒரு வார்த்தை வேணும். அதானே? வியாகுலத்துக்கிட்டக் கேட்டுட்டுத்தான் இங்க வந்தீங்களா? என்ன சொன்னான்? ...ம். உங்ககிட்டயும் அழுதானா?

வாசல்ல சத்தம் திரும்பி வந்துருச்சு தம்பி. மிதவையைக் குழலி பெட்டியில பூட்டுன அன்னிக்கே வந்துருச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல.

விலக்கி வச்சிருங்க. என்னை எதுவும் சொல்லச் சொல்லாதீங்க, நீங்களா விலக்கி வச்சிருங்க. ஆனா இன்னொண்ணு விடணும். அதே இடத்துல, வர்ற கச்சானுக்கு. இந்தத் தடவை அதுல ஒரு நூலுகூடக் கட்ட மாட்டேன், என் கையைக் கட்டிப் போட்டுட்டு விடுங்க. அன்னிக்குக் காலையிலயே வியாகுலத்தை இந்த வீட்டுக்குக் கூப்பிட்டுருவேன். சோறு போட்டு இங்கயே உக்கார வச்சுக்குவேன். முதுகு வலி சரியாயிருச்சுன்னாலும், மிதவை எங்கயாவது போய்ச் சேருற வரைக்கும் அவனைக் கடலுக்கு விட மாட்டேன். நாங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து பாக்குறோம். இலங்கைக்குப் போனாலும் போகட்டும், நடுக்கடல்ல சுத்திக்கிட்டே கிடந்தாலும் கிடக்கட்டும். யாரும் தூக்கக்கூடாது.